நாலு சதவீதம்

எங்கள் பள்ளியின் கணினி அறிவியல் பிரிவில் இருபத்து நாலு பையன்களும் ஒரே ஒரு பெண்ணும் படித்தார்கள். அந்த ஒரு பெண்ணும் தவறுதலாகச் சேர்ந்தவள்தான்.

பதினோராம் வகுப்பில் சேர வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எடுத்துக் கொடுப்பவர் எங்கள் சேர்க்கை எழுத்தர். அவர் மேஜையில் இரண்டு தட்டுகள் உண்டு. இடது தட்டில் கணினி அறிவியல், வலது தட்டில் மனையியல். பையன் வந்து நின்றால் இடது கை நீளும், பெண் வந்து நின்றால் வலது கை நீளும். முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, தலைமுடி தெரிந்தால் அவருக்குப் போதும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, பத்தொன்பது வருடப் பழக்கம். கணினிப் பாடம் நடத்துகிற நானே ஒருமுறை அவரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "கேட்டா குடுக்கப்போறேன் சார். எந்தப் பொண்ணும் கேக்கலையே" என்றார். பின்னால் நாற்பது பேர் முண்டியடித்துக்கொண்டிருக்கும்போது பதினைந்து வயதுப் பெண் எப்படிக் கேட்பாள் என்று அவரைக் கேட்டிருக்கலாம். அதற்குள் மணியடித்துவிட்டது. நான் மணியடித்தால் போய்விடுகிற ஆள்.

சேர்க்கைக்கு முந்தின நாள் அந்தப் பெண் அசந்து தூங்கும்போது தம்பி அவள் தலையில் சூயிங்கத்தை ஒட்டிவிட்டான். எண்ணெய் போட்டும் வரவில்லை, ஐஸ் வைத்தும் வரவில்லை. காது வரைக்கும் ஒட்ட வெட்ட வேண்டியதாயிற்று. மறுநாள் அவள் வரிசையில் வந்து நின்றதும் எழுத்தரின் இடது கை நீண்டது. அவளும் வாங்கி நிரப்பி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டாள். தவறு தெரியவந்தபோது பெயர் பதிவேட்டில் ஏறியிருந்தது. எங்கள் பதிவேட்டில் ஒரு பெயரை அடிக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். மூன்று பேரும் ஒரே நாளில் பள்ளிக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படியாக அவள் தப்பித்தாள்.

முதல் மாதத்திலேயே பையன்கள் அவளுக்கு அரைப்புள்ளி என்று பேர் வைத்தார்கள். நிரலில் வரியின் முடிவில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் கணினி மக்கர் செய்யும். எவன் எந்த வரியில் விட்டிருக்கிறான் என்பதை இவள் இரண்டு பெஞ்சு தள்ளி இருந்தே சொல்லிவிடுவாள். கிண்டலுக்கு வைத்த பேர் போகப்போக மரியாதையாகிவிட்டது. அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு லிஃப்ட் உள்ள கட்டடத்தில் எது எந்த மாடிக்குப் போனால் ஆட்கள் குறைவாகக் காத்திருப்பார்கள் என்று கணக்குப்போடும் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு அதைத்தான் வைக்கப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். அவளுக்கு எங்களிடமிருந்து வேண்டியதெல்லாம் ஒரு கணினியும் வாரத்துக்கு ஆறு வகுப்பும்தான். அந்த ஆறு வகுப்பைத்தான் எங்களால் கொடுக்க முடியாமல் போயிற்று.

அந்த வருடம் கல்வித்துறையில் பாலின இடைவெளி ஒழிப்புப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு ஓர் அதிகாரி, மூன்று நாற்காலி, ஒரு கார். அதிகாரியை நாங்கள் எங்களுக்குள் இடைவெளி சார் என்போம். வந்ததும் வராததுமாக அவர் பதினோரு பக்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கணினி வகுப்புகளில் பெண்கள் குறைவாக இருப்பது கவலைக்குரியது, ஆகவே கணினி வகுப்பில் உள்ள பெண்களை எல்லா நிகழ்ச்சிகளிலும் முன்னிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். எங்களிடம் இருந்தது ஒருத்தி. அவளை முன்னிறுத்த ஆரம்பித்தோம்.

முதலில் புகைப்படம். இடைவெளி சார் புகைப்படக்காரரோடு நேரில் வந்தார். எங்கள் ஆய்வகத்தில் பன்னிரண்டு கணினிகள், ஓடுவது ஒன்பது. படத்துக்கு ஓட வேண்டிய அவசியமில்லை என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு பெண்களிடம் பன்னிரண்டு நிற ஸ்வெட்டர்களை இரவல் வாங்கி, அரைப்புள்ளிக்கு ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு, ஒவ்வொரு கணினி முன்னாலும் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். சுழற்சிக் கட்டளைகள் பற்றி நான் அன்றைக்கு நடத்த இருந்த பாடம் அப்படியே நின்றது. பையன்கள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாதக் கடைசியில் சுவரொட்டி வந்தது. 'பன்னிரண்டு மாணவிகள், பன்னிரண்டு கனவுகள்.' வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பார்வையாளர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டார்.

"ஒரே குறிக்கோள் சார்" என்றார் எங்கள் தலைமையாசிரியர்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓய்வில்லை. யார் வந்தாலும் வாசலில் பூங்கொத்து கொடுக்க அரைப்புள்ளி. குழாய் பழுதுபார்க்கும் திட்டத்தைத் தொடங்கிவைக்க ஒருவர் வந்தார். அவருக்கும் அரைப்புள்ளிதான் கொடுத்தாள், கணினித் துறையில் பெண்களின் சார்பாக. வரவேற்புரை, நன்றியுரை, வானொலிப் பேட்டி எல்லாவற்றுக்கும் அவளே. 'கணினி வகுப்பில் நீங்கள் மிகவும் விரும்பும் பாடம் எது?' என்று பேட்டியில் கேட்டிருக்கிறார்கள். 'இன்னிக்கு நடக்கிற பாடம். நான் இங்க இருக்கேன்' என்று சொல்லியிருக்கிறாள். ஒலிபரப்பில் அதை வெட்டிவிட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் அலுவலக உதவியாளர் ஒரு துண்டுச்சீட்டோடு என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். நானும் "போயிட்டு வாம்மா" என்பேன். அரையாண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், நடந்த அறுபத்தெட்டு வகுப்பில் அவள் இருந்தது இருபத்தாறு. மிச்சத்தைப் பையன்களின் நோட்டைப் பார்த்துத்தான் படித்தாள். அதிலும் நல்ல கையெழுத்து தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கிய ஒருவனுடையது. அவன் எப்போது எழுதினான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒருநாள் சீட்டைப் பார்த்துவிட்டு எழுந்தவள் என் மேஜை அருகே நின்றாள்.

"சார், நான் படிக்க வந்தேனா, போர்டு மாதிரி நிக்க வந்தேனா?"

"எல்லாம் உன்ன மாதிரிப் பொண்ணுங்களுக்காகத்தான்மா" என்றேன்.

"என்னை மாதிரிப் பொண்ணு இங்க நான் ஒருத்திதானே சார் இருக்கேன்?"

 பூங்கொத்து வாடிவிடும், சீக்கிரம் போ என்று சொன்னேன்.

இரண்டாம் பருவத்தில் ஆய்வுக்குழு வந்தது. பெண்கள் ஏன் கணினி அறிவியல் எடுப்பதில்லை என்று கண்டுபிடிக்க ஐந்து பேர். ஐந்து பேரும் ஆண்கள் என்பதை யாரோ சுட்டிக்காட்ட, தேநீர் கொண்டுவந்த அம்மாளையும் உட்காரச் சொல்லி ஆறாக்கிக்கொண்டார்கள். அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். குழுவின் முன்னால் அரைப்புள்ளியைக் கூப்பிட்டார்கள்.

"தைரியமாச் சொல்லும்மா" என்றார் இடைவெளி சார். "பெண்களுக்குக் கணினின்னா உள்ளுக்குள்ள ஒரு பயம், ஒரு தயக்கம். அந்தத் தடையை நீ எப்படித் தாண்டின?"

"தடை எல்லாம் இல்ல சார். ஆபீஸ்ல ரெண்டு தட்டு இருக்கு. பையன்னா இடது தட்டு ஃபாரம், பொண்ணுன்னா வலது தட்டு ஃபாரம். எனக்கு முடி வெட்டியிருந்ததால பையன்னு நெனச்சு மாத்திக் குடுத்துட்டாங்க. ரெண்டு தட்டையும் ஒண்ணாக்கிட்டு, எது வேணும்னு கேட்டுக் குடுத்தாப் போதும் சார்."

தேநீர் அம்மாள் மட்டும் தலையாட்டினார். இடைவெளி சார் பெரியமனுஷத்தனமாகச் சிரித்தார். "தட்டு வந்து நிர்வாக விஷயம்மா. அதுக்கு வேற பிரிவு இருக்கு. நாங்க பேசுறது மனநிலை. ஆழமா யோசிக்கிற விஷயம்." பக்கத்தில் இருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "முடி வெட்டினதுக்கு அப்புறம்தான் கணினியில ஆர்வம் வந்ததா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. தலைமுடியின் நீளத்துக்கும் கணினி ஆர்வத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய முதல்கட்ட ஆய்வு. உடற்கல்வி ஆசிரியை நீளம் தாண்டும் போட்டிக்கு வைத்திருந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கு அளந்தார். பின்னலைப் பிரித்து அளப்பதா, பின்னலோடு அளப்பதா என்று கேட்டு எழுதியதற்குப் பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டு விதமாகவும் அளக்கச் சொல்லி வந்தது. சேர்க்கை எழுத்தர்தான் அத்தனை எண்களையும் அழகாகக் கோடு போட்டு நிரப்பிக் கொடுத்தார். அவர் முழங்கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு தட்டுகளும் அப்படியே இருந்தன.

இவ்வளவு அளந்தும் சதவீதம் நாலிலேயே நின்றது. துறையில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள். எங்கள் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டுப் புலம்பினார். அன்றைக்கு எனக்கும் ஏகப்பட்ட எரிச்சல். என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

"சதவீதத்த ஏத்த ரெண்டே வழிதான் சார். மேல இருக்கிறதக் கூட்டணும், இல்லாட்டி கீழ இருக்கிறதக் குறைக்கணும். பொண்ணுங்களச் சேக்க முடியலன்னா பையன்களத் தொரத்திவிடுங்க" என்றேன்.

நான் நக்கலாகச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

மறுநாள், பதிவேட்டில் பெயரை அடிக்காமல் தற்காலிக மாற்றல் படிவத்திலேயே பதினைந்து பையன்கள் மனையியலுக்கு மாற்றப்பட்டார்கள். மனையியலில் பெண்கள் மட்டுமே இருப்பதும் ஓர் இடைவெளிதான், அதுவும் இத்தோடு அடைபட்டுவிடும் என்று தலைமையாசிரியர் விளக்கினார். மீதி ஒன்பது பையன், ஒரு பெண். பத்து சதவீதம். இடைவெளி சார் தொலைபேசியில் பாராட்டினார். அதற்கடுத்த வாரம் ஆறு பேர் போனார்கள். இருபத்தைந்து சதவீதம். பெற்றோர்களிடம், அறிக்கை போனதும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். பையன்கள் அங்கே போய் சட்டைக் காலருக்கு அளவெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். இடைவேளையில் என் ஜன்னலுக்கு வந்து, "சார், என் நிரல அழிச்சிடாதீங்க சார்" என்று கெஞ்சிவிட்டுப் போவார்கள்.

நடுவில் ஒரு விஷயம் நடந்தது. மனையியல் படிக்கும் பெண்கள் மூன்று பேர் தலைமையாசிரியர் அறைக்குப் போய், கணினி வகுப்பில் இடம் காலியாக இருக்கிறதாமே, நாங்கள் சேரலாமா என்று கேட்டார்கள். பள்ளி வரலாற்றில் முதன்முறையாகப் பெண்கள் கேட்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அட்மிஷன் தேதி முடிஞ்சிருச்சேம்மா" என்றார் தலைமையாசிரியர்.

"பையன்கள மட்டும் மாத்துனீங்களே சார்?"

"அது மாறுதல் இல்லம்மா, சமநிலைப்படுத்துறது. நீங்க இப்படி நடுவுல வந்து குழப்பக்கூடாது. உங்களுக்காகத்தான் ராத்திரி பகலா வேலை நடந்துட்டிருக்கு."

மூன்று பேரும் போய்விட்டார்கள். நான் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுகூட என் காது சுடுகிறது.

அடுத்து இரண்டு பேர் போனார்கள். மிச்சம் ஒரு பையன், ஒரு பெண். ஐம்பது சதவீதம். மிஞ்சிய பையன் தூங்குமூஞ்சி. மாற்றல் படிவத்தோடு ஆள் வந்த மூன்று முறையும் அவன் பெஞ்சுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அதோடு விடுவார்கள் என்று நினைத்தேன். வளர்ச்சி என்றால் ஐம்பதைத் தாண்ட வேண்டாமா என்று இடைவெளி சார் கேட்டாராம். தூங்குமூஞ்சியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நூறு சதவீதம். வரைபடத்தில் எங்கள் கோடு மேல் விளிம்பைத் தொட்டது. எங்களுக்கு 'இடைவெளியற்ற பள்ளி' என்ற விருது அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு கணினிக்கு நடுவில் அரைப்புள்ளி மட்டும் உட்கார்ந்திருப்பாள். முழுவகுப்புக்கும் நடத்துகிற குரலிலேயே அவளுக்கு நடத்துவேன். வேறு குரலில் நடத்த எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வாரம்தான் அவள் கொஞ்சம் நிம்மதியாகப் படித்தாள். லிஃப்ட் நிரலும் முக்கால்வாசி முடிந்தது.

இடைவெளி ஒழிப்புப் பிரிவுக்கு அடுத்த அறையில் குறைந்தபட்ச எண்ணிக்கைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பதினைந்து பேருக்குக் குறைவாக உள்ள பாடப்பிரிவுகளைப் பருவத்துக்கு ஒருமுறை கண்டுபிடித்து மூடுவது அவர்கள் வேலை. கண்டுபிடித்தார்கள். கணினி அறிவியல் பிரிவு உடனடியாக மூடப்படுகிறது, அதிலுள்ள மாணவர்கள் (எண்ணிக்கை: ஒன்று) மனையியலுக்கு மாற்றப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கணினி சாரான என்னை இரண்டாம் வகுப்புக்குக் கைவேலை நடத்த அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

செய்தி கேட்டு லிஃப்ட் மெக்கானிக் வேலை உடையிலேயே வந்துவிட்டார். கையில் கிரீஸ். நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டே பேசினார்.

"சார், எம்பொண்ணு சரியாப் படிக்கலையா?"

"ரொம்ப நல்லாப் படிக்கிறாங்க."

"பிரிவு நல்லா நடக்கலையா?"

"விருது குடுத்திருக்காங்க. நூறு சதவீதம்."

"அப்புறம் ஏன் சார் மூடுறாங்க?"

"நூறு சதவீதம்னா ஒரு ஆளுதான் வருது."

அவர் கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "லிஃப்ட்ல ஆள் ஏறலன்னா லிஃப்டு நல்லாருக்குன்னு எழுத மாட்டோம் சார் நாங்க. கதவு தொறக்குதான்னுதான் மொதல்ல பாப்போம்" என்றார். அவள் ராத்திரி சாப்பிடவில்லை என்றும், பன்னிரண்டாவதில் கணினி இல்லாவிட்டால் அவள் கேட்கிற கல்லூரியில் விண்ணப்பமே கொடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 

அன்று மாலை அவளிடமே சொல்லிவிட்டேன். "பையன்களக் குறைக்கிற யோசனை என் வாயிலிருந்துதான்மா வந்துச்சு. கிண்டலாச் சொன்னேன்."

"தெரியும் சார். ஒவ்வொரு விழாவுலயும் ஹெச்.எம். அதத்தானே சொல்றாரு, இது எங்க கணினி சார் குடுத்த சூத்திரம்னு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிரிவை மூடியாயிற்று, விருது விழாவை மட்டும் தள்ளிப்போட முடியவில்லை. அழைப்பிதழ் அடித்துவிட்டார்கள். துறைச் செயலாளர் வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்தார். அரைப்புள்ளி வழக்கம்போலப் பூங்கொத்தோடு மேடையோரம் நின்றாள், அன்றைய தேதிக்கு மனையியல் மாணவியாக. கூடத்தின் பின்வரிசையில் மனையியல் பிரிவு முழுக்க உட்கார்ந்திருந்தது, என் இருபத்து நாலு பையன்களோடு சேர்த்து. ஓரமாகச் சுவரில் சாயாமல் லிஃப்ட் மெக்கானிக் நின்றார்.

இடைவெளி சார் பேசினார். "சிலர் என்னைக் கேட்கிறார்கள், பிரிவையே மூடிவிட்டீர்களே என்று. அவர்களுக்கு நான் சொல்கிறேன். இன்றைக்கு இந்தப் பள்ளியின் கணினி வகுப்பில் ஆண்கள் எத்தனை பேர்? பூஜ்யம். பெண்கள் எத்தனை பேர்? பூஜ்யம். அப்படியானால் இடைவெளி எவ்வளவு? பூஜ்யம்! நூறு வருடமாக யாராலும் ஒழிக்க முடியாத இடைவெளியை ஐந்தே மாதத்தில் ஒழித்திருக்கிறோம். மற்ற பிரிவுகளுக்கும் இதை விரிவுபடுத்த என்னால் முடியும், வாய்ப்பு மட்டும் கொடுங்கள்." முன்வரிசை கைதட்டியது.

பிறகு துறையின் கணினித் தாளைத் திரையில் காட்டினார்கள். இதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எந்தப் பள்ளியில் எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். இரண்டு கட்டத்தில் ஆண், பெண் எண்ணிக்கை, மூன்றாவது கட்டத்தில் பெண்களின் சதவீதம் தானாக வரும். அதிகாரி உறுதிசெய் என்ற பொத்தானை அழுத்திவிட்டால் அடுத்த இரண்டு வருடத்துக்கு அதுதான் உத்தரவு. அதன்படிதான் பிரிவு இருக்கும், ஆசிரியர் இருப்பார், தேர்வு இருக்கும். பதினைந்து பேருக்குக் குறையாமல் இருந்தால் அடுத்த அறைக்காரர்கள்கூட அதில் கைவைக்க முடியாது. செயலாளர் முன்னிலையில் பொத்தானை அழுத்துவதாக இடைவெளி சார் ஏற்பாடு செய்திருந்தார். திரை வெளிச்சமானது. ஆண் பூஜ்யம், பெண் பூஜ்யம். சதவீதக் கட்டத்தில், ஓர் ஆள் உயரத்துக்குச் சிவப்பாக, 'பிழை' என்று இருந்தது.

"இந்தப் பள்ளிக்கு நேரா பிழைன்னு போட்டிருக்கே, ஏன்?" என்றார் செயலாளர்.

இடைவெளி சார் பொத்தானை அழுத்தினார். பிழை உள்ளபோது உறுதிசெய்ய இயலாது என்று வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது. "கணினி சார், கொஞ்சம் மேல வாங்க" என்று கூப்பிட்டார். காரணம் எனக்குப் பார்த்த உடனேயே தெரியும். ஆனாலும் குனிந்து வயரை ஆட்டிப்பார்த்தேன். அதிகாரிகள் முன்னால் வயரை ஆட்டுவது ஆபத்தில்லாதது என்று பதினெட்டு வருடத்தில் கற்றுவைத்திருக்கிறேன்.

அரைப்புள்ளி பூங்கொத்தைச் செயலாளர் மடியில் வைத்தாள். "ஒரு நிமிஷம் பிடிங்க சார்" என்று சொல்லிவிட்டு மேஜைக்கு வந்தாள். மைக் திறந்தே இருந்தது.

"வயர்ல ஒண்ணும் இல்ல சார். பூஜ்யத்தப் பூஜ்யத்தால வகுக்கச் சொல்றீங்க. அதுக்கு விடை கிடையாது."

"விடை எப்படி இல்லாமப் போகும்? ரெண்டும் சமம்தானே?" என்றார் இடைவெளி சார்.

"சமம்தான் சார். ஆளே இல்லாத இடத்துல எல்லாரும் சமம்தான். சதவீதம் வரணும்னா வகுப்புல யாராவது உக்காந்திருக்கணும்."

"சரி, சரி. முன்னாடி இருந்த மாதிரி நூறு வரவை."

"நூறு வரணும்னா என்னை மட்டும் போடணும். ஒரு ஆளப் போட்டு அனுப்புனீங்கன்னா பதினஞ்சு பேர் இல்லன்னு அடுத்த ரூம்காரங்க நாளைக்கே உங்களைக் கேப்பாங்க. மூடுனா திரும்பவும் பூஜ்யம். திரும்பவும் பிழை. போடவா சார்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது தூங்குமூஞ்சியின் குரல். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. இடைவெளி சார் என்னைப் பார்த்தார். நான் வயரைப் பார்த்தேன்.

செயலாளர் பூங்கொத்துக்கு மேலாகக் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு அஞ்சு மணிக்கு இன்னொரு விழா இருக்கு. எந்த நம்பர் போட்டா பிழை போகும்னு சொல்லும்மா."

"உண்மையான நம்பர் சார். முதல்ல இருந்தது."

"அப்ப அதப் போட்டு முடிம்மா."

அவள் ஆண் கட்டத்தில் இருபத்து நாலு அடித்தாள். பெண் கட்டத்தில் ஒன்று அடித்தாள். சிவப்பு போய், கறுப்பில் நாலு என்று வந்தது.

"நாலா!" என்று இடைவெளி சார் அலறியது மைக்கில் கூடம் முழுக்கக் கேட்டது.

"நாலுன்னா என்னங்க, நல்லதா கெட்டதா?" என்றார் செயலாளர்.

இடைவெளி சார் திரையைத் திரும்பிப் பார்த்தார். நாலு கெட்டது என்றால் ஐந்து மாதமாக என்ன செய்தாய் என்று வரும். நூறு நல்லது என்றால் அது ஏன் பிழையானது என்று வரும். "அடித்தளம் சார்" என்றார் கடைசியில். "இது நம்ம அடித்தளம்."

"அடித்தளம் நல்லதுதானே. அழுத்துங்க, கிளம்பலாம்."

அழுத்தினார். ஓரத்தில் நின்ற லிஃப்ட் மெக்கானிக் மட்டும் முதலில் கைதட்டினார், அப்புறம் பின்வரிசை, அப்புறம் என்ன ஏது என்று தெரியாமல் முன்வரிசை.

திங்கட்கிழமை என் வகுப்பில் பழைய இருபத்தைந்து பேரும் இருந்தார்கள். அவர்களோடு, பதிவேட்டில் இல்லாத மூன்று பெண்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரென்று கேட்கவில்லை. சுழற்சிக் கட்டளைகளை முதலிலிருந்து நடத்த ஆரம்பித்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். நூறாக இருந்த பெண்களின் சதவீதம் ஒரே நாளில் நாலாக விழுந்தது ஏன் என்று விசாரிக்க ஐவர் குழு வந்திருக்கிறதாம். பெண்களின் சார்பாக விளக்கமளிக்க மாணவியை உடனே அனுப்பச் சொல்லித் துண்டுச்சீட்டு.

அரைப்புள்ளி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு க்ளாஸ் இருக்குண்ணா" என்றாள்.

உதவியாளர் என்னைப் பார்த்தார். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. 'போயிட்டு வாம்மா' என்பது என் வாயில் தயாராக வந்து நின்றது, அத்தனை மாதப் பழக்கம். அதை விழுங்கிவிட்டுச் சீட்டை வாங்கினேன். திருப்பிப்போட்டு, 'வகுப்பு நடக்கிறது, மாணவி வர மாட்டாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பதினெட்டு வருடத்தில் அந்த அலுவலகத்துக்கு நான் எழுதியனுப்பிய முதல் உண்மை அது. எழுத்து கோணலாகத்தான் இருந்தது.